'ஐ5 சிஸ்டம்' என்று மட்டும் எழுதிய கொட்டேஷனை நம்பாதீர்கள்

சித்தி பையன் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்கப் போய், கடையில் கொடுத்த கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "ஐ5, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ், ஆர்ஜிபி கேபினெட்." படிக்க ஜோராக இருக்கிறது, ஆனால் ஒரு பொருளுக்குக்கூட முழு மாடல் எண் இல்லை. அசெம்பிள் செய்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஐ5 என்பது இன்டெல் ப்ராசஸரில் ஒரு வரிசையின் பெயர்தான், அதனால் எந்த ஐ5 என்று கேட்கச் சொன்னேன். 3470 என்றார்களாம், 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை! அதற்கான எச்61 மதர்போர்டு இன்றும் புதுப் பெட்டியில் கிடைக்கிறது, அதனால் பார்க்க எல்லாம் புதுசு மாதிரி இருக்கும், ப்ராசஸர் மட்டும் ஏதோ பழைய ஆபீஸ் மெஷினில் கழற்றியது. விண்டோஸ் 11-ஐ இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாகப் போட முடியும், விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபரிலேயே வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 12-ஆம் தலைமுறை ஐ3 இந்த ஐ5-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

எண்ணின் கடைசி எழுத்தையும் பாருங்கள். 12400எஃப் என்பதில் உள்ள 'எஃப்', உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கி, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் போர்டின் ஹெச்டிஎம்ஐயில் கேபிளைச் செருகினால் மானிட்டர் கறுப்பாகவே கிடக்கும்.

அப்புறம் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. கேபினெட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' பெட்டியைத் திருப்பி, ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 192 வாட்தான் வருகிறது; ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாக இழுப்பது அந்த 12 வோல்ட்டில்தான். நல்ல 450 வாட்டில் அந்த இடத்தில் சுமார் 35 ஆம்பியர் இருக்கும். கேபினெட்டின் ஆர்ஜிபி கலர் விளக்குக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள் என்று யாரிடம் சொன்னாலும் கேட்பதில்லை, ஏனென்றால் இது வெளியே தெரியாத பொருள்.

ராமில் ஒரு சின்ன விஷயம்: தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு மேல், உள்கிராபிக்ஸ் ராமைத்தான் தன் மெமரியாகப் பயன்படுத்துகிறது, இரண்டு சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஓடினால் வேகம் நன்றாகவே தெரியும். ராமிலும் டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறை உண்டு; டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ஏறாது, காடியே வேறு இடத்தில் இருக்கும்.

மாடல் எண்ணோடு எழுதிக் கேட்டதும் இரண்டாவது கொட்டேஷன் வந்தது: ஐ3 12100, எச்610 போர்டு, 8 ஜிபி இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பிராண்டட் எஸ்எம்பிஎஸ். பாடம் படிக்க, டேலி போட, வீடியோ பார்க்க இது தாராளம். விளக்கு இல்லையே என்று பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். சரி போ, ஒரே ஒரு ஆர்ஜிபி ஃபேன் போட்டுக்கொள் என்று விட்டுவிட்டேன்.