சென்சார் சுத்தம் என்றது, கண்ணாடியில் படலம் இருந்தது

2009-ல் அனுசாட், 2016-ல் சத்தியபாமாசாட் என்று சென்னைக் கல்லூரிகளின் செயற்கைக்கோள்கள் பறந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது எங்கள் வெற்றிட அறைக்குச் சோதனைக்கு வருகிறார்கள். போன மாதம் ஒரு மாணவி, வெற்றிடத்தில் படியும் அழுக்கை அளக்கும் க்யூசிஎம் சென்சாரின் ரீடிங்கைக் காட்டி, "சார், அசையவே இல்லை, சுத்தம்தான்" என்றார். சென்சார் என்ன வெப்பநிலையில் இருக்கிறது என்று கேட்டேன். 25 டிகிரி என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த அளவீட்டில் நடக்கும் தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன். கையுறை, மாஸ்க் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

சென்சாரை அறை வெப்பத்தில் விடுவது

க்யூசிஎம் என்பது அதிரும் குவார்ட்ஸ் கிரிஸ்டல். அதன்மேல் ஏதாவது படிந்தால் அதிர்வெண் குறையும். 15 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் 1 ஹெர்ட்ஸ் குறைந்தால், சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 நானோகிராம் படிந்திருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவு நுட்பமான கருவிதான். ஆனால் தன்மேல் ஒட்டியதை மட்டுமே அது எண்ணும். பசையிலிருந்தும் வயர் உறையிலிருந்தும் கிளம்பும் ஆவி 25 டிகிரியில் ஒட்டாமல் போய்விடும். பக்கத்திலேயே மைனஸ் 60-ல் இருக்கும் கேமராக் கண்ணாடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் முதல் கேமரா சோதனையில் இதுதான் நடந்தது. மூன்று நாள் ரீடிங் நேர்கோடாக இருந்தது. நிம்மதியாகக் கதவைத் திறந்தால், டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடி முழுக்க மெல்லிய படலம். கழற்றி, துடைத்து, மறுபடி சீரமைத்து, எல்லாவற்றையும் திரும்ப வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியை வெளியேற்ற மூன்று வாரம் போனது. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றியிருந்தால் போதும். 2001-ல் காசினி விண்கலத்தின் கேமராவில் இப்படிப் படலம் படிந்தபோது, அதைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிப் போக்கினார்கள். அதில் ஹீட்டர் இருந்தது. உங்கள் குட்டிச் செயற்கைக்கோளில் இருக்குமா?

உங்கள் கலத்தில் மிகக் குளிர்ந்த, அழுக்குப் படவே கூடாத பரப்பு எதுவோ, அதன் வெப்பநிலைக்கே சென்சாரை இறக்குங்கள். அதற்காக அளவுக்கு மீறி இறக்கினால் நீராவியும் சேர்ந்து ஒட்டி வேறு விதமாக ஏமாற்றும். அப்புறம், சோதனை முடிந்ததும் கிரிஸ்டலை மெல்லச் சூடாக்கிப் பாருங்கள். எந்த வெப்பநிலையில் எவ்வளவு பறக்கிறது என்பது, படிந்தது என்ன பொருள் என்பதற்கு நல்ல துப்பு.

"பொருள் ஈ595 பாஸ்" என்று நிம்மதியாவது

ஈ595 என்பது, வெற்றிடத்தில் ஒரு பொருளிலிருந்து எவ்வளவு ஆவி கிளம்புகிறது என்று பார்க்கும் தரச் சோதனை. அதில் பொருளை 125 டிகிரியில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். ஆவியைப் பிடிக்கும் தட்டு இருப்பதோ 25 டிகிரியில். சரி, மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

சென்சார் முகம் சுவரைப் பார்ப்பது

வெற்றிடத்தில் மூலக்கூறுகள் நேர்கோட்டில் போகும். சென்சார் முகத்தை ஆவி கிளம்பும் இடத்தை நோக்கியே வையுங்கள்.

குளிர்ந்த கிரிஸ்டலோடு கதவைத் திறப்பது

சென்னைக் காற்றில் உடனே வியர்த்துவிடும். முதலில் சூடாக்குங்கள்.