பட்டினி கிடக்கும் பிள்ளையும் ஒளித்து உண்ணும் பிள்ளையும்: வீட்டில் எதைக் கவனிப்பது?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் மாணவர் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை நான். என் மாணவிகளில் ஒருத்தி ரொட்டியைத் தொடுவதேயில்லை. இன்னொருத்தி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே உறங்கிய பின், சோற்றுப் பானையை வழித்துத் தின்றுவிட்டு வாந்தி எடுக்கிறாள். இரண்டும் உண்ணல் கோளாறுகள்தான், ஆனால் எதிரெதிரான நோய்கள் என்று தாய்மார் நினைக்கிறார்கள். இருவரோடும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஒரே எண்ணம்தான். ஒக்ஸ்ஃபோர்டின் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபெயார்பர்ன் குழுவினர் 2003இல் இதை விளக்கினார்கள்: எடையையும் உருவத்தையும் வைத்தே தன்னை மதிப்பிடுவது நடுவேர். சிலருக்கு அதனோடு எதிலும் குறையே கூடாதென்ற பிடிவாதம், ஆழப் பதிந்த தாழ்வெண்ணம், கடும் உணர்ச்சியைத் தாங்க முடியாமை, உறவுச் சிக்கல் ஆகியவையும் சேர்கின்றன.

ஆகவே தட்டை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனியுங்கள். கணிதத்தில் 92 எடுத்தும் அழுகிறாளா? வீட்டில் சண்டை நடந்த இரவுகளில்தான் பானை காலியாகிறதா? வெள்ளிக்கிழமை விரதம் சனிக்கும் செவ்வாய்க்கும் நீள்கிறதா? விரதத்தை நான் குறை சொல்லவில்லை. பக்தியோடு இருப்பவள் விரதம் முடிந்ததும் நிம்மதியாகச் சாப்பிடுவாள். கோளாறு உள்ளவளோ அப்போதுதான் பதறுவாள். ஆண் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள்.

கையில் காசில்லாமல் வயிறு காய்வது வேறு, அதற்கு வேண்டியது அரிசி. ஆனால் பசி எந்தக் காரணத்தால் வந்தாலும் மனத்தைக் குலைக்கும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உணவைத் தவிர வேறு நினைவில்லாமல் சோர்ந்து போனார்கள், சிலர் கட்டுப்பாடிழந்து உண்டார்கள். "உனக்கு வாய்க்கட்டு இல்லை" என்று பிள்ளையை ஏசாதீர்கள்.

மூன்று வேளை உணவும் இடையில் சிறு தீனியும் கொடுங்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயவிடாதீர்கள். காலையில் தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் ரொட்டியை மூடி வைத்துவிட்டுப் போனால் போதாது. பாட்டியோ அக்காவோ கூட இருந்து உண்ணட்டும். மிகவும் மெலிந்துவிட்ட பிள்ளைக்கு உணவைக் கூட்டுவது வைத்தியர் சொல்படிதான் நடக்க வேண்டும். மாமியோ சித்தியோ "குண்டாகிவிட்டாயே" என்றால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டால் பொய்தான் வரும். "இன்று எது உன்னை வருத்தியது, அம்மா?" என்று கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

மயக்கம், நின்றுபோன மாதவிடாய், திரும்பத் திரும்ப வாந்தி, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். வழி தெரியாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், அல்லது இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி எண் 1926ஐ அழையுங்கள். வாந்தி எடுப்பதை வைத்தியரிடம் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.