கைவேலைப் பெட்டியை முதலில் நீங்கள் மட்டும் பிரியுங்கள்

பாப்பாவின் மூன்றாவது பிறந்தநாளுக்கு அவள் சித்தி ஒரு கைவேலைப் பெட்டி வாங்கி வந்தாள். அட்டையில் '12 விளையாட்டுகள்' என்று போட்டிருந்தது. அன்று சாயங்காலமே பிரித்தோம். அரை மணி நேரத்தில் ஸ்டிக்கரெல்லாம் சுவரில், மணியெல்லாம் சோபாவுக்கு அடியில். காகித யானையை உட்கார்ந்து ஒட்டி முடித்தது நான்தான். பாப்பா காலிப் பெட்டிக்குள் ஏறி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டியில் குறையில்லை, நான் பிரித்த விதத்தில்தான் கோளாறு. இப்போது அவளுக்கு நாலு வயது. நடுவில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. குழந்தை தூங்கிய பிறகு பிரியுங்கள்

முதலில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பிறகு சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய்தான் என் அளவுகோல். அதற்குள் நழுவி விழும் எதையும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். மூன்று தாண்டினாலும் எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற பிள்ளை என்றால் அதே கணக்குதான். வட்டமான பட்டன் பேட்டரி, குட்டிக் காந்தம், தண்ணீரில் ஊறி உப்பும் ஜெல் மணி இந்த மூன்றும் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

2. ஒரு நாளைக்கு ஒரு தட்டு

மிச்சத்தைத் தனித்தனிக் கவரில் போட்டு, எட்டாத பரணில் வைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கவர்தான். அதில் இருப்பதை எவர்சில்வர் தட்டில் பரப்பிக் கொடுங்கள். தட்டுக்கு விளிம்பு இருப்பதால் மணி உருண்டு ஓடாது. 'இதுதான் உன் இடம்' என்று பிள்ளைக்கும் தெரியும். தரையில் பாய், அதன்மேல் பழைய நியூஸ் பேப்பர். பசியும் தூக்கமும் இல்லாத நேரமாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது காலை டிபனுக்கு அப்புறம். பத்து நிமிஷம் உட்கார்ந்தாலே அன்றைய கணக்கு முடிந்தது.

அட்டையில் இருக்கும் 'முடிந்த படத்தை' ஒளித்து வையுங்கள். அதைப் பார்த்தால் பிள்ளையைவிட நமக்குத்தான் கை பரபரக்கும்.

3. மஞ்சள் காகிதம்

வாங்கிய பெட்டி தீர்ந்துபோன ஒரு மழை நாளில் இதைச் செய்தோம். இன்றுவரை அவளுக்கு இதுதான் பிடித்தது. தேவையானவை மஞ்சள்தூள், குளியல் சோப்பு, எலுமிச்சம்பழம், காது குடையும் பஞ்சுக்குச்சி, வெள்ளைத்தாள்.

ஒரு ஸ்பூன் மஞ்சளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தாள் முழுக்கப் பூசச் சொல்லுங்கள். கையாலேயே பூசட்டும். ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு அடுத்த வேலைக்குப் போனால் கோடு பரவிவிடும். காய்கிற நேரத்தில் சோப்பைக் கிண்ணத்துத் தண்ணீரில் கரைப்பது அவள் வேலை. பிறகு பஞ்சுக்குச்சியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தாளில் கோடு இழுக்கச் சொல்லுங்கள். என்ன ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.

கோடு செக்கச்செவேலென்று வரும். பாப்பா முதல் தடவை, "அம்மா, ரத்தம்!" என்று குச்சியைப் போட்டுவிட்டாள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், "அட, ஆரத்தித் தண்ணி" என்றார். அதேதான். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள், சோப்பு, சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளது பட்டால் சிவக்கும். ஆரத்தியில் சுண்ணாம்பு செய்வதை இங்கே சோப்பு செய்கிறது. (சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். தோலையும் கண்ணையும் அரித்துவிடும்.) சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். அவள் அன்று நாற்பது தடவையாவது சிவப்பாக்கி மஞ்சளாக்கியிருப்பாள்.

"ஏன்மா?" என்று கேட்டால் பாடம் எடுக்காதீர்கள். "வேற எதுல சிவக்கும், பாக்கலாமா?" என்று கேளுங்கள். ஆப்ப சோடா, தயிர், சர்க்கரைத் தண்ணீர் என்று அவளே கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவருவாள். மறுநாள் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள், ஊதாவாக மாறும்.

உடுப்பில் பட்ட மஞ்சளுக்குச் சோப்பு போட்டால் அதுவும் சிவக்கும், பதறாதீர்கள். நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டால் போகப்போக வெளுத்துவிடும்.

4. உப்பு மாவு

களிமண்போல உருட்டி விளையாட ஒரு கப் மைதா, அரை கப் தூளுப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். அரை கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். உப்பு அதிகம் என்பதால் பிள்ளை சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் வளர்ப்பவர்கள் இன்னும் கவனம், அதற்கு இந்த மாவு ஆபத்து. டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் வரும்.

5. தடவிப் பார்க்கும் எழுத்து

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் பிள்ளைகள் எழுதும் முன் சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவிப் பழகுவார்கள். ஹார்டுவேர் கடையில் நைசான உப்புத்தாள் வாங்கி எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டுங்கள், அதுவே போதும். வெட்டுவது உங்கள் வேலை.

'அ'வில் தொடங்காதீர்கள். எத்தனை சுழி, எத்தனை வளைவு! ட, ப, ம என்று போங்கள். 'ட' மேலிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்பினால் முடிந்தது. 'ப'வுக்கு அதற்கு மேல் ஒரு ஏற்றம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவ வேண்டும். தடவும்போது ஒலியை மட்டும் சொல்லுங்கள். பிறகு ரவை பரப்பிய தட்டில் அதையே எழுதட்டும். அரிசியில் எழுதவைக்கும் விஜயதசமியை வருஷம் முழுக்க நீட்டிக்கொள்வதுபோலத்தான்.

6. கத்தரிக்கோல்

முனை மழுங்கிய சின்னக் கத்தரி. முதலில் விரலகல நாடாவாகத் தாளை வெட்டிக் கொடுங்கள், ஒரே நறுக்கில் துண்டு விழ வேண்டும். கோட்டின்மேல் வெட்டுவதெல்லாம் சில மாதம் கழித்து. கட்டைவிரல் மேலே பார்த்தபடி இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பக்கத்தை விட்டு எழுந்து போகாதீர்கள். நான் ஒரு நாள் பால் பொங்குகிறதென்று அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் முன்நெற்றி முடி அரை அங்குலம் குறைந்திருந்தது. துண்டுகளையெல்லாம் அவளே பொறுக்கிக் கவரில் போட்டு வைத்திருந்தாள், முடி உட்பட.