வீல் ஸ்பீடு சென்சார்: மாற்றும் முன் நடக்கும் தவறுகள்

ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் லாக் ஆகாமல், அதாவது சுழலாமல் நின்றுவிடாமல் தடுப்பது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (கிளம்பும்போது சக்கரம் வழுக்காமல் தடுப்பது), ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி நிலைதடுமாறாமல் தடுப்பது) விளக்குகள் மூன்றும் ஒன்றாக எரிந்தால் வண்டியில் மூன்று கோளாறு என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான். மூன்றுக்குமே நான்கு சக்கரங்களின் வேகம் வேண்டும். அதை அளந்து சொல்வதுதான் ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் வீல் ஸ்பீடு சென்சார். பிரேக் போடும்போது ஒன்று மட்டும் சட்டென்று மெதுவானால் அது லாக் ஆகப் போகிறது. கிளம்பும்போது ஒன்று மட்டும் வேகமாகச் சுழன்றால் அது வழுக்குகிறது. ஒரு சக்கரத்தின் கணக்கு வராவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? கம்ப்யூட்டர் ஒதுங்கிக்கொள்கிறது. சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் அழுத்தி மிதித்தால் சக்கரம் லாக் ஆகலாம். ‘பிரேக் பிடிக்கிறதே’ என்று அந்த விளக்கோடு மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ‘முன் இடது சென்சார்’ என்று வந்ததும் புது சென்சார் வாங்குவது. அந்தப் பக்கத்துச் சிக்னல் சரியில்லை என்பதைத்தான் அந்தக் கோளாறுக் குறியீடு சொல்கிறது. ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் மடங்கி மடங்கி உள்ளே அறுந்த ஒயராக இருக்கலாம், தண்ணீர் புகுந்து பச்சை பூத்த கப்ளராகவும் (ஒயர்களை இணைக்கும் சொருகி) இருக்கலாம். முதலில் அவற்றைப் பாருங்கள்.

ஓம் மீட்டர் வைத்து மின்தடையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் சரிப்படாது. பழைய காயில் (கம்பிச்சுருள்) வகை சென்சாருக்கு அது பொருந்தும். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும் ஆக்டிவ் சென்சாருக்கு உள்ளே மின்னணுச் சுற்று உண்டு. அது மின்சாரம் கொடுத்தால்தான் பேசும்.

வீல் பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு எரிகிறதா? பல பேரிங்குகளில் ஒரு பக்கத்து சீலிலேயே, சென்சார் வேகத்தைப் படிக்கும் காந்த வளையம் இருக்கும். பார்க்கச் சாதாரண ரப்பர் சீல் மாதிரிதான் தெரியும். பேரிங்கை அந்தப் பக்கம் மாறித் திருப்பி அடித்துவிட்டால் சென்சார் குருடாகிவிடும், பேரிங்கைத் திரும்பக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. பொருத்தும் முன் மெல்லிய குண்டூசி ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். காந்தப் பக்கம் லேசாக இழுக்கும்.

எனக்குத் தெரிந்து அதிகம் ஏமாற்றுவது விளக்கே எரியாத கோளாறு. காய்ந்த சாலையில், வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் பெடல் காலடியில் கடகடவென்று அதிரும். உடனே பிரேக் டிஸ்க்கைச் சந்தேகித்து மாற்றுவார்கள். அப்புறமும் அதிரும். காயில் சென்சார் உள்ள வண்டியில், சக்கரத்தோடு சுழன்று சென்சாருக்குச் சிக்னல் தரும் பல் வளையத்துக்கு அடியில் துரு ஏறி வளையம் விரிந்திருக்கலாம், அல்லது சென்சார் முனையில் இரும்புத்தூள் அப்பியிருக்கலாம். வேகம் குறையக் குறையச் சிக்னலும் வலுவிழக்கும்; பலவீனமான சக்கரம் மற்றவற்றுக்கு முன்பே பூஜ்யம் காட்டும். லாக் ஆகிவிட்டது என்று நினைத்து ஏபிஎஸ் பிரேக்கைத் தளர்த்தும். வண்டியோ இரண்டடி தள்ளிப்போய் நிற்கும்.

டயரும் இதில் சேர்த்திதான். ஒரு சக்கரத்தில் மட்டும் சிறிய அளவு டயர் போட்டால் அது எப்போதும் கூடுதலாகச் சுற்றும், சென்சார் மேல் பழி விழும்.

எதையும் கழற்றுவதற்கு முன், பக்கத்தில் ஒருவரை ஸ்கேனரோடு உட்காரவைத்து நேரான சாலையில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டி, மெதுவாக நிறுத்துங்கள். எந்தச் சக்கரத்தின் வேக எண் முதலில் பூஜ்யமாகிறது என்று அவர் பார்க்கட்டும்.