துணிக் கூரையில் தண்ணீர் ஊறியதற்குக் காரணம்

கூரையை மடித்துத் திறக்கக்கூடிய என் கன்வர்ட்டிபிள் காரின் துணிக் கூரையில் பச்சைப் பாசி. மழை பெய்தால் தண்ணீர் உருண்டு ஓடாமல் துணியில் ஊறி நின்றது. உள்ளே ஒழுகவில்லை, துணி அடுக்குகளுக்கு நடுவில் உள்ள ரப்பர் அடுக்கு தடுத்துவிடும். ஆனால் ஈரம் நின்றால் பாசி திரும்ப வரும்.

துணிக்கான ஷாம்பூவும் மெல்லிய பிரஷும் பாசியைப் போக்கின. காய்ந்ததும் நீர்விலக்கி ஸ்பிரே அடித்தேன். பலனில்லை. வேறு பிராண்டும் அதே கதைதான்.

அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. ஈரக் கூரையை விரலால் அழுத்தினால் தையல் ஓரத்தில் வெள்ளையாக நுரை கசிந்தது. துணிக்குள் தங்கிய சோப்பு தண்ணீரை இழுக்கும், ஸ்பிரேயையும் பிடிக்கவிடாது. நுரை அடியோடு நிற்கும்வரை வெறும் தண்ணீரில் அலசினேன். நன்றாகக் காயவிட்டு, கண்ணாடியையும் பெயின்ட்டையும் மூடிவிட்டு, மெல்லியதாக இரண்டு பூச்சு அடித்தேன். தண்ணீர் இப்போது முத்து முத்தாக உருள்கிறது. பெரிய நிம்மதி. தையல் ஓரங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக அடியுங்கள்.