காகிதப் பரிசலில் வெள்ளைக் கோடு விழாமல் செய்தது

ஒகேனக்கல் போட்டோக்களை ஆல்பத்தில் ஒட்டும்போது, பக்க ஓரத்தில் வண்ணக் காகிதத்தாலேயே ஒரு பரிசல் செய்ய ஆசைப்பட்டேன். தருமபுரி கடைகளில் பூ, பொம்மை வடிவங்கள்தான் கிடைத்தன. பரிசலுக்கு நாமே வரைந்தால்தான் உண்டு. போட்டோவை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து வெளிக்கோடுகளை மட்டும் வரைந்தேன். முகம், விரல் எல்லாம் வேண்டாம். அவ்வளவு சின்னத் துண்டுகள் கத்தரிக்கு அடங்காது.

வெட்டி ஒட்டினால் துண்டுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தது. எவ்வளவு கவனமாக வெட்டினாலும் போகவில்லை. சரி, வரைபடத்தையே மாற்றுவோம் என்று, பின்னாலிருந்து முன்னால் வரிசையாக எண் போட்டேன்: பாறை 1, பரிசல் ஓட்டுபவர் 2, பரிசல் 3, தண்ணீர் 4. பின்னால் இருக்கும் துண்டை மட்டும், அடுத்ததன் அடியில் நுழையும் பக்கத்தில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் கூட்டி வரைந்தேன். முன்துண்டு கோட்டின் மேலேயே வெட்டப்படும். எண் வரிசையில் ஒட்டியதும் வெள்ளைக் கோடு அடியோடு மறைந்துவிட்டது, அத்தனை சந்தோஷம்!

அப்புறம், பென்சில் கோடு முன்பக்கம் தெரியாமலிருக்கக் காகிதத்தின் பின்பக்கம் வரைவதானால், டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டு வரையுங்கள். இல்லாவிட்டால் துடுப்பு இடம் மாறிவிடும்.