மெடிக்கல் படிக்கிற பிள்ளைங்க வீட்ல இருக்கா? இத கொஞ்சம் படிங்க

2020 மார்ச்ல லாக்டவுன் போட்டதும் எங்க அக்கா பொண்ணு, எம்பிபிஎஸ் மூணாவது வருஷம், ஹாஸ்டல காலி பண்ணிட்டு பாலக்கோடு வந்துட்டா, மொட்டமாடில சிக்னல் தேடி ஆன்லைன் க்ளாஸ், சாயங்காலம் ஆனா கொரோனா புல்லட்டின்ல தர்மபுரி எத்தனன்னு பாத்துட்டு ராத்திரி பூரா முழிச்சிருப்பா, களி உருண்டை தட்டுலயே காஞ்சி கெடக்கும். டாக்டராகப் போறவளுக்கு பயம் வரலாமான்னு நாங்க கேட்டது பெரிய தப்புங்க.

அப்புறம் புல்லட்டின் பாக்குறத நிறுத்தி, தெனமும் ஒரே நேரத்துல படுத்து, கூட படிக்கிற பொண்ணுகிட்ட மெசேஜ் இல்லாம வாய்விட்டு பேச ஆரம்பிச்சா, மெல்ல தூக்கம் வந்துச்சு. ரெண்டு வாரமா தூக்கமோ சாப்பாடோ சரியில்லன்னா காத்திருக்காதீங்க, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், 2022ல வந்தது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். செத்துடலாம்னு ஒரு வார்த்த வந்தாகூட உடனே கூப்பிடுங்க, பிள்ளைய தனியா விடாதீங்க.